கை விருத்தாம்பாள், கண் அஞ்சலாட்சி

முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கைத்தோல் உரிந்து விழுவது செங்காட்டுக்குப்பத்தில் யாரும் பேச்செடுக்காத விஷயம்; வறுத்த கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிற பால் சாம்பல் பூசினாலும் சுடும், விளக்கெண்ணெய் பூசினாலும் சுடும், சுட்ட இடம் கறுக்கும், கறுத்தது உரியும், உரிந்த இடத்தில் பத்துப் பதினைந்து நாளில் புதுத்தோல் வரும், அந்தப் புதுத்தோலோடு மறுபடியும் கொட்டகைக்குப் போய் உட்காருவார்கள். அந்த வருஷம் ஆனி மாதத்தில் அஞ்சலாட்சிக்கும் அப்படித்தான் உரிந்தது. பத்து விரலிலும் உரிந்தது. புதுத்தோல் வந்தபோது அது விருத்தாம்பாளின் தோலாக இருந்தது.

அது தெரியவந்தது ரேஷன் கடையில். அஞ்சலாட்சிக்கு முப்பத்திநாலு வயது. புருஷன் கோதண்டம் போர்வெல் லாரியோடு ஆந்திராப் பக்கம் போனால் மூன்று மாதம் கழித்துத்தான் திரும்புவான். ஏழாம் வகுப்புப் படிக்கிற யாழினி ஒரே மகள். மாதத்தின் முதல் வாரத்தில் பையும் கார்டுமாக வரிசையில் நின்று, கட்டைவிரலை மெஷினின் கண்ணாடிச் சில்லில் வைத்து, அரிசி வாங்கிக்கொண்டு போவது அவள் பொறுப்பு. அன்றைக்கும் வைத்தாள். மெஷின் பச்சை விளக்குப் போட்டது. பிறகு எப்போதும் பேசுகிற அந்த ஈரமில்லாத பெண்குரலில், "விருத்தாம்பாள்" என்றது.

சேல்ஸ்மேன் அறிவழகன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "கைய நல்லாத் தொடச்சிட்டு வைங்கக்கா."

முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். விருத்தாம்பாள். இடது கட்டைவிரலை வைத்தாள். விருத்தாம்பாள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக அறிவழகன் வைக்கச் சொல்லிக்கொண்டே போக, அவளும் வைத்துக்கொண்டே போக, பத்தாவது விரலுக்கும் மெஷின் அதே பெயரைச் சொல்லி முடித்தபோது வரிசையில் சிரிப்பில்லை. முதலில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், எந்த விரலில் சிரிப்பை நிறுத்தினார்கள் என்று பிற்பாடு யாருக்கும் நினைவில்லை.

ஏனென்றால் விருத்தாம்பாளை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். முந்திரி மண்டி வைத்திருக்கிற தாமோதரனின் முதல் சம்சாரம். பதினோரு வருஷத்துக்கு முன்னால், எல்லோருடைய கைரேகையையும் கண்ணையும் பதிவு பண்ணிக்கொள்ள பள்ளிக்கூடத்தில் முகாம் போட்ட அன்று, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வந்து, பத்து விரலையும் அழுத்தி, ஒப்புகைச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிப் போனவள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தவர்கள் இல்லை. கிணறுகளை இறைத்துப் பார்த்தார்கள், தோப்புகளில் தேடினார்கள். மெஷின் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டது என்று சிலர் சொன்னார்கள், அதை நம்பி இரண்டு வருஷம் எந்தப் பெண்ணும் எந்த மெஷினிலும் விரல் வைக்க மறுத்தாள், பிறகு கேஸ் சிலிண்டருக்காக ஒருத்தி வைத்தாள், அரிசிக்காக ஒருத்தி வைத்தாள், நூறு நாள் வேலைக்காக எல்லோரும் வைத்தார்கள். வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே மறந்துபோனார்கள்.

அஞ்சலாட்சி அன்றைக்கு வெறும் பையோடு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் கையைப் பார்த்தபடி நடந்தாள்.

மறுநாள் கொட்டகையில் அதுதான் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கிற கொளஞ்சி, அஞ்சலாட்சி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து சிநேகிதி, அவள்தான் முதலில் பரிந்து பேசினாள். "பதிமூணு வருசமா பாக்குறேன், இவ அஞ்சலதான். எந்த மெஷினு வந்து என்ன சொன்னா எனக்கென்ன?"

"மூஞ்சியத்தான பாத்த," என்றாள் எதிர்வரிசையில் ஒருத்தி. "ரேகையப் பாத்தியா? மெஷினுக்கு என்ன, யாராவது சொந்தமா பந்தமா? அது எதுக்குப் பொய் சொல்லப்போவுது?"

கொளஞ்சி மதியம் வரைக்கும் அதையே யோசித்தாள். மதியத்துக்கு மேல் அஞ்சலாட்சியின் கையைத் தயக்கமாகப் பார்த்து, "ஏண்டி, நீ எப்பருந்து பீச்சாங்கையால ஒடைக்கிற?" என்றாள்.

அஞ்சலாட்சி குனிந்து பார்த்தாள். கொட்டை உடைக்கிற கட்டை இடது கையில் இருந்தது. அது கொட்டையின் முதுகை ஒரே தட்டில் பிளந்து, பருப்பு உடையாமல் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் வலதுகைக்காரி. விருத்தாம்பாள் இடதுகைக்காரி என்பது அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் ஊர் அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. புதிதாக வந்த டிரான்ஸ்பார்மரைப் பழகிக்கொண்டதுபோலப் பழகிக்கொண்டது: தொடாமல், தள்ளி நின்று, அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே. அஞ்சலாட்சியிடம் பேச வேண்டியதை முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், விருத்தாம்பாளிடம் பேச வேண்டியதைக் கையைப் பார்த்துப் பேசினார்கள். "விருத்தா, நல்லாருக்கியா?" என்று குழாயடியில் ஒருத்தி குடத்தைப் பிடித்திருந்த விரல்களிடம் கேட்பாள், கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள், விரல்கள் பதில் சொல்லாது, சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். ஒருத்தி விருத்தாம்பாளுக்குப் பிடித்த பச்சைக் கண்ணாடி வளையலைக் கொண்டுவந்து அனுமதி கேட்காமல் மாட்டிவிட்டாள். அது அஞ்சலாட்சியின் மணிக்கட்டுக்கு அளவாக இருந்தது.

வீட்டில்தான் அவளுக்குத் தாங்கவில்லை. காலையில் யாழினியை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரினால், விரல்கள் அவள் சொன்னபடி போகாமல், வகிடை இடதுபக்கம் எடுத்து, அடியில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டுப் பின்னலை முடித்தன. மூன்றாவது நாள் யாழினி பின்னலைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். "அம்மா, இது யாரு கை?"

"என் கைதான்டி."

"இனிமே நானே வாரிக்கிறேன்."

அவள் சொன்னபடியே செய்தாள். கண்ணாடி முன்னால் நின்று தானே கோணல் மாணலாக வாரிக்கொள்வாள், அம்மா கிட்டே வந்தால் சீப்போடு ஓரடி நகர்ந்துகொள்வாள். கோதண்டத்துக்குப் போனில் சொன்னாள். பின்னால் துளை போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "கை யாருதுன்னு முடிவாவட்டும். அப்பறமா வர்றேன்," என்றான்.

முடிவு பண்ணிவிடலாம் என்று அஞ்சலாட்சி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு, இ-சேவை மையத்துக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் நல்லவள், பொறுமையாக எல்லா விரலையும் பார்த்தாள், பிறகு ஒரு கருவியைத் தூக்கி அவள் கண்ணில் வைத்தாள். "கண்ணு அஞ்சலாட்சின்னுதான்க்கா சொல்லுது. கைதான் விருத்தாம்பாள்."

"அப்ப நான் அஞ்சலாட்சிதான?"

"கண்ணுப்படி. கைப்படி இல்ல." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள், அதில் ஏதோ சிவப்பாக எழுதியிருந்தது. "ரெண்டு பேரு ஒரு ஆளுக்குள்ள இருக்க ஏத்துக்காதுக்கா. எதாவது ஒண்ண வச்சுக்கிட்டு இன்னொண்ண விடணும். எத விடுறீங்க?"

"நான் எதையும் விடலியே, தாயி. அதா வந்துச்சு."

"மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு பேரையும் நிறுத்தி வச்சிரும்."

அந்த வெள்ளிக்கிழமை தையல்நாயகி வந்தாள். விருத்தாம்பாளின் அம்மா. மகளுக்குக் கல்யாணத்தில் தகப்பன் எழுதிக்கொடுத்த இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பின் ஓரத்தில் குடிசை போட்டு, அது மகளுடையது என்று காவல் காத்துக்கொண்டு தனியாகக் கிடந்தவள். வெயிலில் நடந்து வந்து வாசலில் உட்கார்ந்தாள். அஞ்சலாட்சியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், புரட்டினாள், மோந்து பார்த்தாள், மடியிலிருந்து நல்லெண்ணெய்ச் சீசாவை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள்.

"அம்மா, நான் அஞ்சலாட்சி," என்றாள் அஞ்சலாட்சி.

"தெரியும்மா. நீ யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும். கைய மட்டும் குடு."

அஞ்சலாட்சி கையைக் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கைக்குழந்தையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு நிற்கிறவள்போல. தேய்க்கத் தேய்க்க விரல்கள் சூடாவதும், அந்தக் கிழவிரல்களைச் சுற்றிக்கொள்வதும் அவளுக்குத் தெரிந்தது. அவள் சுற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. தையல்நாயகி நகம் வெட்டிவிட்டு, கைகளைத் திருப்பி அவள் மடியிலேயே வைத்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகக் கைகளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

தாமோதரன் ஞாயிற்றுக்கிழமை வந்தான், பட்டப்பகலில், வார்டு மெம்பரோடு, ஜீப்பில். இனிப்புப் பொட்டலம் கொண்டுவந்திருந்தான். அந்தத் தோப்பைப் பிளாட் போடுகிறவர்களுக்குக் கொடுப்பதாக அவன் எப்போதோ பேசி முடித்திருந்தான். விருத்தாம்பாள் பெயரில் இருந்ததால், விருத்தாம்பாள் இல்லாததால், பத்திரம் நடக்காமல் கிடந்தது. ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே அஞ்சலாட்சியின் உள்ளங்கைகள் வியர்த்துவிட்டன. இரண்டும் தாமாகவே முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டன.

"ஒண்ணும் பெரிய வேலை இல்லம்மா," என்றார் மெம்பர். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வந்து கைய வைக்கணும், அவ்ளோதான். கையி விருத்தாம்பாளுது, சொத்தும் விருத்தாம்பாளுது. இதுல ஒனக்கு என்ன போவுது? நீ பாட்டுக்கு வந்துரு."

"வச்சிட்டு வந்தின்னா," என்றான் தாமோதரன், "எனக்கு ஆபீஸ்ல ஆளு இருக்கு. ஒன் பேர ஒனக்கே வாங்கித் தந்துர்றேன். இல்லன்னா பாரு, மாசக் கடைசில ஒனக்கு அந்தப் பேரும் இருக்காது, இந்தப் பேரும் இருக்காது. அந்தப் பொண்ணுக்கு அம்மான்னு எழுதுறதுக்கு ஒரு பேரு வேணாமா?"

உள்ளே யாழினி படிப்பதை நிறுத்தியது கேட்டது.

"யோசிச்சுச் சொல்றேண்ணே."

"கையக் காட்டு பாப்பம்." அவன் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முந்தானையிலிருந்து வெளியே இழுத்தான். தெருவில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இடது கையை விரல் விரலாகப் பார்த்துவிட்டு, அதனிடம், மெதுவாக, பழகின குரலில், "எங்கடி போயிருந்த?" என்றான்.

அவன் ஓங்கவில்லை. ஓங்குகிற எண்ணம்கூட அவனுக்கு அப்போது இல்லை. ஆனால் அஞ்சலாட்சியின் வலது கை சட்டென்று எழுந்து அவள் முகத்தை மறைத்தது. பிடிபட்டிருந்த இடது கை திமிறிக்கொண்டு மேலே போய் அவள் காதைப் பொத்தியது. முழங்கைகள் மார்பை மூடிக்கொண்டன. அப்படியே நின்றது உடம்பு. அஞ்சலாட்சியை அவள் அப்பன் அடித்ததில்லை, கோதண்டம் அடித்ததில்லை. அப்படி ஒடுங்கிக்கொள்ள அவளுக்குத் தெரியாது. விரல்களின் இருட்டுக்குள் நின்றபடி, இந்தக் கைகள் இதை எத்தனை தடவை செய்திருக்கும் என்று அவள் எண்ணிப்பார்த்தாள்.

தெருவில் நின்ற கொளஞ்சி தலையில் அடித்துக்கொண்டாள். தாமோதரன் பத்து நாள் தவணை சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினான்.

மறுநாள் அறிவழகன் கடையை மூடிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு அந்த மாதம் அவளை வெறும் பையோடு அனுப்பியது உறுத்திக்கொண்டே இருந்தது. "அக்கா, உங்க கை ரேகை எங்க போச்சுன்னு தேடிப் பாத்தேன்," என்றான் கதவருகில் நின்று. "திருப்பூர்ப் பக்கம் ஒரு ரேஷன் கடையில மூணு தடவ பதிவாயிருக்கு. அரிசி வாங்கல. எதுவும் வாங்கல. விரல வச்சி, பேரு வந்ததும் போயிருக்காங்க."

"யாரு?"

"நீங்கதான். அஞ்சலாட்சின்னு வருது."

புதன்கிழமை யாழினியைக் கொளஞ்சியிடம் விட்டுவிட்டு விடியற்காலை பஸ்ஸில் புறப்பட்டாள். இரண்டு பஸ் மாறி மத்தியானம் போய் இறங்கினாள். அந்தக் கடை வாசலில் எண்ணெய்க்கு நின்ற பெண்களிடம், வெட்கமாக இருந்தாலும், தன் பெயரையே சொல்லிக் கேட்டாள். "அஞ்சலாட்சி வீடு எதுங்க?"

"மில்லுக்காரப் பொண்ணுங்களா? பின்னால லைன் வீடுங்க. கடைசிக்கு முன்ன வீடு. நல்ல பொண்ணு."

அதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கதவைத் திறந்தவள் மெலிந்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. யார் என்று கேட்கவில்லை. அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்த்தாள், கோதண்டத்தின் பெண்டாட்டி என்று அடையாளம் தெரிந்தது, பார்வை கீழே இறங்கியது, தன் கைகளைப் பார்த்தாள்.

"உள்ள வா," என்றாள் விருத்தாம்பாள்.

அந்த அறையில் ஒரு பாய், ஒரு அடுப்பு, மில் யூனிஃபார்ம் இரண்டு, ஒரு கொக்கியில் அடையாள அட்டை. அட்டையில் விருத்தாம்பாளின் முகமும் அஞ்சலாட்சியின் பெயரும் இருந்தன. விருத்தாம்பாள் டீ போட்டாள். வலது கையால் போட்டாள். டம்ளரின் விளிம்பைச் சுண்டுவிரலால் துடைத்துவிட்டு நீட்டினாள். அது அஞ்சலாட்சி செய்வது. அதுவரை அழாமல் வந்தவளுக்கு அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"முகாம்ல பத்து வெரலையும் வாங்கிக்கினாங்க," என்றாள் விருத்தாம்பாள். "கேட்டுக்கிட்ட வந்து நின்னேன். இனிமே எங்க போனாலும் ஒரு எடத்துல வெரல வச்சா போதும், அந்தாளுக்குத் தெரிஞ்சிரும்னு தோணிச்சு. அவனுக்கு எல்லா ஆபீஸ்லயும் ஆளு இருக்குன்னு சொல்லிச் சொல்லியே அடிப்பான். இன்னிக்குப் போவலன்னா இனி போவவே முடியாதுன்னுதான் அப்பிடியே நடந்துட்டேன்."

மெஷின் இல்லாத இடமாகப் பார்த்து வேலை செய்திருக்கிறாள். செங்கல் சூளையில், களை எடுப்பில், வீட்டு வேலையில். வருஷத்துக்கு மூன்று தடவை பச்சை முந்திரிக்கொட்டை வாங்கி உடைத்து, அந்தப் பாலை வேண்டுமென்றே பத்து விரலிலும் பூசி உரியவிட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே ரேகைதான் திரும்ப வந்தது. "எங்க போனாலும் தேடிக்கினு வந்துச்சு. இந்த ஆனியில பூசும்போது வாய்விட்டுச் சொன்னேன், யாருதா இருந்தாலும் பரவால்ல, என்னுது வேணாம்னு. வந்தது வேறயா இருந்துச்சு. மில்லுல எடுக்கறப்ப வைக்கச் சொன்னாங்க, அஞ்சலாட்சின்னு சொல்லிச்சு. எனக்கு நம்பிக்கை வரல. ரேஷன் கடைக்குப் போயி மூணு தடவ வச்சுப் பாத்தேன். மூணு தடவையும் அஞ்சலாட்சின்னுச்சு. அன்னிக்குத்தான் பதினோரு வருசத்துக்கு அப்பறம் ரோட்ட நிமுந்து பாத்து நடந்தேன்." டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "நீயின்னு தெரியாது எனக்கு. சத்தியமா தெரியாது."

"திருப்பிக் குடுக்க முடியாதா, அக்கா?"

"எப்பிடின்னு தெரியலியே." பிறகு தரையைப் பார்த்தபடி, "தெரிஞ்சாலும் பயமாத்தான் இருக்கு," என்றாள்.

வெளியே மில் சங்கு ஊதியது. விருத்தாம்பாள் திடீரென்று, "அப்ப ஒனக்குக் கைக்கொழந்த இருந்துச்சே, பொண்ணுதான?" என்று கேட்டாள். "காலையில எழுந்ததும் இந்த வெரலுங்க எதையோ பின்னணும் பின்னணும்னு தவிக்குது. பக்கத்து ரூமு பொண்ணு ஒண்ணு, அதுக்குத் தெனமும் நான்தான் பின்னிவிடுறேன். ரெட்டைச் சடை. ரிப்பனை உள்ள விட்டு."

யாழினிக்கு அப்படித்தான் பின்னுவாள். அஞ்சலாட்சி தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். முகத்தை மறைக்கத் தெரிந்த கைகள். எதிரே இருந்தவளின் மடியில் சடை பின்னத் தெரிந்த கைகள் கிடந்தன. எது யாருக்கு வேண்டும் என்று யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை. ஆனாலும் இப்போது கேட்டால் என்ன சொல்வோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வச்சுக்கக்கா," என்றாள். "பத்தரமா வச்சுக்க."

விருத்தாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். அழுது முடித்தபிறகு தோப்பைப் பற்றிக் கேட்டாள், தாமோதரனைப் பற்றிக் கேட்டாள், பத்து நாள் தவணையைப் பற்றிக் கேட்டாள். "என் வெரல் ஒங்கிட்ட இருக்கில்ல. அதால எனக்கு ஒரு வேல செஞ்சு குடு. தோப்ப அம்மா பேருக்கு எழுதிரு. அதுக்கப்பறம் அந்தாளுக்கு அந்த வெரலால ஒரு பிரயோசனமும் இல்ல."

"அம்மாகிட்ட நீ இருக்கறதச் சொல்லட்டுமா?"

"சொன்னா அழுவும். அழுதா ஊருக்குத் தெரியும். வேணாம்." சொல்லமாட்டேன் என்று அஞ்சலாட்சி வாக்குக் கொடுத்தாள். மடித்து மடித்துக் கிழியப் பார்த்த அந்தப் பழைய முகாம் ஒப்புகைச் சீட்டை விருத்தாம்பாள் ஒரு டப்பாவிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸில் தையல்நாயகி ஒரு பக்கமும், சாட்சிக்கு வந்த கொளஞ்சியும் அறிவழகனும் ஒரு பக்கமும் நிற்க, அஞ்சலாட்சி நடுவில் நின்றாள். மேஜையில் விரித்து வைத்த அந்த ஒப்புகைச் சீட்டிலிருந்து தையல்நாயகி கண்ணை எடுக்கவில்லை. பதிவாளர் பழைய போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "பதினோரு வருஷத்துல ஆளு இவ்வளவு மாறுவாங்களா?"

"கைய வைக்கச் சொல்லுங்க சார்," என்றான் அறிவழகன்.

வைத்தாள். மெஷின் பச்சை விளக்குப் போட்டது. அந்த நொடிக்குப் பிறகு அந்த அறையில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பதிவாளர் பார்க்கவில்லை, எழுத்தர் பார்க்கவில்லை, போட்டோ எடுத்தவர்கூடத் திரையைத்தான் பார்த்தார். "விருத்தாம்பாள்" என்று கூப்பிட்டார்கள், அவள் குரல் "இருக்கேங்க" என்றது. முகம் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டதுபோல ஒரு பயம் வந்து, வெளியே வராந்தாவுக்கு ஓடி, சுவரோடு சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் தடவிப் பார்த்தாள். முகம் இருந்தது. ஆனால் விரல்களுக்கு அது யாருடைய முகம் என்று தெரியவில்லை. அவை நெற்றியில் தயங்கின, மூக்கில் தயங்கின, உதட்டின் ஓரத்தை, முன்பின் தெரியாத ஒருத்தியின் முகத்தைத் தொடுகிறதுபோல, மரியாதையாகத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டன.

தாமோதரனுக்குச் சேதி போனது, மறுநாளே ஆபீஸுக்கு ஓடினான். அது என் பெண்டாட்டி இல்லை, கோதண்டத்தின் பெண்டாட்டி, பேர் அஞ்சலாட்சி என்று கத்தினான். மெஷின் விருத்தாம்பாள் என்று சொல்லியிருக்கிறதே என்றார்கள். மெஷின் பொய் சொல்கிறது என்றான். அப்போது ஊரிலிருந்து வந்திருந்தவர்கள், அவனோடு ஜீப்பில் வந்த மெம்பர் உட்பட, சங்கடமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுத்தெருவில் முப்பது பேர் பார்க்க அவள் கையைப் பிடித்து "எங்கடி போயிருந்த" என்று கேட்டவன் அவன்தானே என்று கொளஞ்சி எல்லோருக்கும் கேட்கும்படி ஞாபகப்படுத்தினாள். மறுக்க ஆளில்லை. அன்றைக்கு அந்தக் கைகள் முகத்தை மூடிக்கொண்டதையும் முப்பது பேர் பார்த்திருந்தார்கள்.

மாதக் கடைசியில் இ-சேவை மையத்துப் பெண்ணிடம் போய், கையை விட்டுவிடுவதாகவும் கண்ணை வைத்துக்கொள்வதாகவும் அஞ்சலாட்சி சொன்னாள். ரேஷன் கடையில் இப்போது அவளுக்கு மட்டும் அறிவழகன் கண் கருவியை எடுத்து நீட்டுகிறான், அவள் இமைக்காமல் நிற்கிறாள், அஞ்சலாட்சி என்கிறது, வரிசையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோதண்டம் ஆவணியில் வந்தான். முதல் நாள் அவள் பரிமாறியதைத் தலை குனிந்தபடி சாப்பிட்டான். இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான். யாழினி இன்னமும் தானேதான் வாரிக்கொள்கிறாள். கோணல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பத்திரம் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை தையல்நாயகி வரவில்லை. அஞ்சலாட்சியே தோப்புக்குப் போனாள். சருகு மிதித்து நடந்து குடிசை முன்னால் போய் உட்கார்ந்து, கேட்காமலே கைகளை நீட்டினாள். தையல்நாயகி எண்ணெய் தேய்த்தாள். வழக்கம்போல அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாக. கடைசி விரலை முடித்துவிட்டு, கைகளை விடாமல், முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தி அஞ்சலாட்சியின் கண்களைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். தோப்பில் யாருமில்லை.

"அவ வேளைக்குச் சாப்புடுறாளாம்மா?"

சொல்லமாட்டேன் என்று அஞ்சலாட்சி வாக்குக் கொடுத்திருந்தாள்.

"சாப்புடுறாம்மா," என்றாள்.